கிளிப் கழற்றிய பிறகு

பற்களிலிருந்து கிளிப்பைக் கழற்றும் நாள் எங்கள் பிரிவில் ஒரு சிறு திருவிழா. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என மாதந்தோறும் வந்து கம்பியை இறுக்கிக்கொண்டு, முறுக்கையும் கடலைமிட்டாயையும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்று கண்ணாடியை விட்டு நகர்வதில்லை. நாக்கால் பற்களைத் தடவித் தடவிப் பார்த்து, இவ்வளவு வழுவழுப்பா என்று வியப்பார்கள். தாயார் கைப்பேசியில் படம் எடுப்பார். அன்றைக்கோ, அளவெடுத்து அடுத்த சில நாட்களிலோ, சிறு பெட்டி ஒன்றை அவர்களிடம் நீட்டி, "இதை நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும்" என்று நாங்கள் சொல்வோம். தலையசைப்பார்கள். காதில் விழுந்ததா என்பது வேறு செய்தி.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் ரிட்டெய்னர். மக்கள் வழக்கில் இதற்கு நிலைபெற்ற தமிழ்ச் சொல் இல்லை. "கிளிப் கழட்டினதுக்கு அப்புறம் போடுற கிளிப்" என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். அந்தப் பெயரே சற்று விந்தையானது. கழற்றிய பிறகும் எதற்காக ஒன்றைப் போட வேண்டும் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அக்கேள்விக்கு எங்கள் பிரிவு நெடுங்காலம் சரியாக விடை சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்வதற்காகவும் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஒரு மாணவியின் கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கே தருகின்றோம். பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் பெற்றோர் அவரை அழைத்து வந்தார்கள். மேலே தெற்றுப்பல்; கீழே வெட்டுப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. இடமில்லாமையால் நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, கிளிப் போட்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின் கழற்றினோம். வரிசை அழகாக அமைந்திருந்தது. தந்தையார் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் சிகிச்சைக்குச் செலுத்தினார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அவர் பொறியியல் கல்லூரி விடுதிக்குச் சென்றார். மூன்றாம் மாதம் ரிட்டெய்னர் உடைந்தது. வீட்டில் சொன்னால் திட்டுவார்கள், மீண்டும் பணம் கேட்பார்கள் என்ற அச்சத்தில் அதைப் பெட்டியோடு அலமாரியின் அடியில் வைத்துவிட்டார். பல் நேராகத்தானே இருக்கிறது என்ற துணிவும் இருந்தது. பதினான்கு மாதங்கள் கழித்து, அக்காவின் திருமணப் படங்களில் தம் சிரிப்பைப் பார்த்த பின்னரே எங்களிடம் வந்தார். வந்தவர் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினார்; முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான் பேசினார். கீழ்ப்பற்கள் மீண்டும் ஏறியிருந்தன. மேலே தெற்றுப்பல் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் திரும்பத் தொடங்கியிருந்தது.

தந்தையார் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இது இப்படி ஆகும்னு அன்னிக்கே சொன்னீங்களா, டாக்டர்?"

நாங்கள் அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். கிளிப் கழற்றிய நாளின் குறிப்பில், 'ரிட்டெய்னர் அளிக்கப்பட்டது. அறிவுரை கூறப்பட்டது' என்று இருந்தது. இரண்டு ஆண்டுச் சிகிச்சைக்குப் பின் அறிவுரைக்கு நாங்கள் ஒதுக்கிய இடம் இரண்டு சொற்கள்.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கின்றோம்.

பல் எலும்பில் அறைந்த ஆணி அன்று

பல்லின் வேர் தாடை எலும்போடு ஒட்டியிருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். ஒட்டியிருந்தால் கிளிப்பால் அதை நகர்த்தவே இயலாது. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்த்திசு இருக்கிறது. பல் அந்த நார்களில் தொங்குகிறது என்றே சொல்லலாம். கம்பி ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன; எதிர்ப்பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. இவ்வாறு சிறிது சிறிதாகப் பல் எலும்பினூடே நகர்கிறது. சிகிச்சையின்போது பல் சற்று ஆடுவதும் இதனால்தான்.

கிளிப்பைக் கழற்றிய அன்று பல் புதிய இடத்தில் நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ளவை இன்னும் பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருக்கின்றன. வேரைச் சூழ்ந்த நார்கள் சீரடைய மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஈறுக்குள் இருக்கும் நார்கள் இன்னும் மெதுவானவை. அவற்றுள் ரப்பர் போன்ற மீள்தன்மை உடையவை ஓராண்டுக்கு மேலும் இழுபட்டே நிற்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த கோரே ரைட்டான் 1959இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் பற்களைத் திருப்பி, அதே நிலையில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். ஏழு மாதங்களுக்கு மேலாகியும் ஈறு நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்தன. இதனால்தான், முறுக்கிக்கொண்டு நின்று நேராக்கப்பட்ட பல் மற்றப் பற்களைக் காட்டிலும் எளிதில் பழைய கோணத்துக்குத் திரும்புகிறது. மேல் முன்பற்களுக்கு நடுவே இருந்து மூடப்பட்ட இடைவெளியும் அப்படியே.

வீடு கட்டியவர்களுக்கு ஓர் உவமை சொன்னால் விளங்கும். கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே யாரும் சென்ட்ரிங் பலகையையும் முட்டுகளையும் பிரித்துவிடுவதில்லை. மேலே பார்த்தால் தளம் முடிந்துவிட்டதுபோல் தெரியும். உள்ளே அது இன்னும் இறுகவில்லை. ரிட்டெய்னர் அந்த முட்டு.

ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். கான்கிரீட் ஒருமுறை இறுகிவிட்டால் முட்டு தேவையில்லை. பல் அவ்வாறு முற்றாக இறுகுவதே இல்லை. நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது. உதடும் கன்னமும் வெளியிலிருந்து அழுத்துகின்றன. மெல்லும்போது தாடையின் விசை விழுகிறது. அகவை ஏற ஏறப் பல் வரிசையின் சுற்றளவு சற்றே குறைகிறது. வாழ்நாளில் கிளிப்பே போடாதவர்களைக் கேட்டுப் பாருங்கள்: இருபது வயதில் நேராக இருந்த கீழ் முன்பற்கள் நாற்பதில் நெருக்கியடித்து நிற்பதாகப் பலர் சொல்வார்கள். அது நோயன்று, தலைமுடி நரைப்பதைப் போன்ற மாற்றமே. கிளிப் போட்டவர்களுக்கு அந்த மாற்றமும் நேர்கிறது, பழைய இடத்துக்குத் திரும்பும் போக்கும் சேர்ந்துகொள்கிறது.

எத்தனை நாள்?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு உண்மையான விடையைச் சொல்ல மருத்துவர்கள் தயங்குவதுண்டு. சொன்னால் மனம் சோர்ந்துவிடுவார்களோ என்ற எண்ணம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவருடன் பணியாற்றியோரும் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சீரமைத்த 65 பேரை, ரிட்டெய்னர் அணிவதை நிறுத்திப் பத்து ஆண்டுகளேனும் கழிந்த பின் அழைத்துப் பார்த்தார்கள். 1981இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் நின்றது 30 விழுக்காட்டுக்கும் குறைவானோரிடமே. 20 ஆண்டுகள் கடந்த நிலையில் பார்த்து 1988இல் வெளியிட்டபோது அது 10 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இவர்கள் எல்லோரும் முறையாகச் சிகிச்சை பெற்றவர்கள். "நாலு பல்லை எடுத்தாச்சே, அதான் இடம் இருக்கே" என்று எங்களிடம் சொல்லும் பெற்றோருக்கு இந்த எண்களைத்தான் நாங்கள் எடுத்துக்காட்டுகின்றோம். பல் எடுப்பதால் வரிசைக்கு இடம் கிடைக்கிறது. அந்த வரிசை நிலைக்கும் என்ற உறுதி கிடைப்பதில்லை.

ஆகவே விடை இதுதான்: பற்கள் நேராக நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் காலம் வரைக்கும். நாள் முழுவதும் அன்று. எங்கள் பிரிவில் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்கு உண்ணும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர மற்ற நேரமெல்லாம் அணியச் சொல்கின்றோம். அதன்பின் உறங்கும்போது மட்டும். தொடக்கத்திலிருந்தே இரவில் மட்டும் அணிந்தால் போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் உள்ளனர். அவர்கள் கருத்துக்கும் ஆய்வுச் சான்று உண்டு. உங்கள் பற்கள் முன்பு எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தே உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அண்ணப் பிளவுக்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும், ஈறு நோயால் எலும்பு தேய்ந்த பெரியவர்களுக்கும் இதில் சலுகை இல்லை.

ஞானப்பல்லின் மீது விழும் பழியையும் இங்கே நீக்கிவிடலாம். பின்னால் முளைத்து முன்னால் தள்ளுகிறது என்று சொல்லி, அதை எடுத்துவிடும்படி கேட்டு வருகிறார்கள். ஞானப்பல் உள்ளோர், எடுத்துவிட்டோர், பிறவியிலேயே இல்லாதோர் ஆகியோரை ஒப்பிட்ட ஆய்வுகளில், முன்பற்களின் நெருக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஞானப்பல்லை எடுக்க வேறு காரணங்கள் இருக்கலாம். இது காரணமாகாது.

மூன்று வகை

அண்ணத்தை ஒட்டிய அக்ரிலிக் தகடும் முன்பற்களின் மேல் ஓடும் எஃகுக் கம்பியும் கொண்டது ஹாலி ரிட்டெய்னர். அமெரிக்கரான சார்லஸ் ஹாலி 1919இல் விவரித்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் புழக்கத்தில் இருக்கிறது. தாம் முடித்த சிகிச்சைகளின் பற்களை அப்படியே நிறுத்தி வைக்கும் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் தம் கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார் என்று எங்கள் துறையில் ஒரு செய்தி வழங்குகிறது. எங்களுக்கும் சில நாட்களில் அப்படித் தோன்றுவதுண்டு. இந்த வகை உறுதியானது. சிறு மாற்றங்களைத் திருத்தவும் உதவும். முதல் சில நாட்களில் எச்சில் ஊறும். ச, த, ல போன்ற ஒலிகள் தடுமாறும். நாளேட்டை வாய்விட்டுப் படித்துப் பழகினால் ஒரு வாரத்தில் நாக்கு வழிக்கு வந்துவிடும். பேச்சுப்போட்டிக்கு முந்திய நாள் மட்டும் புதிதாகத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது, பல்லின் வடிவிலேயே உறைபோல் பொருந்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். வெளியில் தெரியாது என்பதால் கல்லூரி மாணவர்கள் இதையே விரும்புகிறார்கள். ஹாலியைக் காட்டிலும் விரைவில் தேய்ந்து கிழியும். உறக்கத்தில் பல் கடிப்பவர்களிடம் இன்னும் விரைவில். இதை அணிந்தபடி தண்ணீர் தவிர வேறெதையும் அருந்தலாகாது. சர்க்கரை கலந்த பானம் உறைக்குள் தேங்கி நின்று பல்லைச் சொத்தையாக்கும்.

மூன்றாவது, பற்களின் உட்புறத்தில், ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஒட்டிவைக்கும் மெல்லிய கம்பி. மறந்துபோக வழியில்லை என்பது இதன் பெருமை. மறந்தே போய்விடுகிறோம் என்பது இதன் குறை. ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் நமக்குத் தெரியாது. அந்தப் பல் மட்டும் மெல்ல நகரும். அரிதாகக் கம்பியே முறுக்கிக்கொண்டு பல்லைத் தவறான பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. கம்பியைச் சுற்றிக் காரை படியும். பல்லிடுக்குத் தூரிகையால் நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். கரும்பு, கொய்யா, சோளக்கதிர் ஆகியவற்றை முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. பொங்கல் கழிந்த வாரத்தில் விடுபட்ட கம்பியோடு வருவோரை நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் பல்லில் கம்பி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். படம் அவ்விடத்தில் மங்கலாகக்கூடும். கழற்றக்கூடிய ரிட்டெய்னராக இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்கும் அறுவை அரங்குக்கும் போகுமுன் கழற்றிவிட வேண்டும்.

இம்மூன்றில் எது சிறந்தது என்று உறுதியாகத் தீர்ப்பளிக்கும் அளவுக்கு வலுவான ஆய்வுச் சான்று இதுவரை இல்லை. நீங்கள் எதைத் தவறாமல் அணிவீர்களோ, அதுவே உங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் எண்ணம்.

தொலையும் இடங்கள்

ரிட்டெய்னர் உடைவதைவிடத் தொலைவதே மிகுதி. தொலையும் இடங்களும் எங்களுக்கு மனப்பாடம். திருமணப் பந்தியில் கழற்றி இலையோரம் வைப்பார்கள். உண்டு முடித்து இலையை மடிக்கும்போது அதுவும் உள்ளே மடிந்து போகும். உணவகத்தில் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தால் மேசை துடைப்பவர் கூடையில் போட்டுவிடுவார். சட்டைப் பையில் வைத்தால் துணியோடு துவைக்கப்படும். வீட்டு நாய்க்கு எச்சில் மணம் வீசும் பிளாஸ்டிக் மிகவும் பிடிக்கும். வாயில் இல்லாத நேரத்தில் அது பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் அதற்கில்லை.

ஒரு பாட்டியார், பேரனின் ரிட்டெய்னரைப் பால் புட்டியைப் போலவே எண்ணி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துவிட்டார். தூய்மையில் குறையில்லை, ஆனால் அது பிறகு எந்த வாய்க்கும் பொருந்தவில்லை. வெந்நீர் வேண்டாம். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைப்பதும் வேண்டாம். குளிர்ந்த நீரும், மென்மையான தூரிகையும், ஒரு சொட்டுத் திரவ சோப்பும் போதும். பற்பசை பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். உண்ட கையோடு வாயைக் கொப்பளிக்காமல் அணிந்தால் குழம்பின் மஞ்சள் அதில் ஏறிக்கொள்ளும்; அந்த நிறம் எளிதில் போகாது.

சில நாட்கள் அணிய மறந்து, மீண்டும் போடும்போது இறுக்கமாக உணர்ந்தால், பற்கள் சற்று நகர்ந்திருக்கின்றன என்று பொருள். உள்ளே முழுதாக அமர்கிறது என்றால் அஞ்ச வேண்டாம். சில நாட்கள் கூடுதல் நேரம் அணியுங்கள். அமரவில்லை என்றால் கடித்து அழுத்திப் பொருத்தாதீர்கள். அன்றே தொலைபேசியில் அழையுங்கள். உடைந்தாலும் தொலைந்தாலும் அப்படியே. சில நாட்களுக்குள் வந்தால் புதிய ரிட்டெய்னர் ஒன்றோடு முடிந்துவிடும். அதன் செலவு, சிகிச்சையை மறுபடி தொடங்கும் செலவில் சிறு பங்கே. கிளிப் கழற்றியபோது எடுத்த மாக்கட்டு அச்சை உங்களிடம் கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பற்கள் நகராத வரையில் அதைக்கொண்டே புதிது செய்யலாம்.

பல்லாண்டுகள் கழித்துக் கீழ்ப்பல் ஒன்று இம்மியளவு திரும்பியிருந்தால், அதற்காகக் கவலைப்பட்டு வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம். மெல்லுவதற்கும் துலக்குவதற்கும் இடையூறு இல்லாமல், உங்கள் மனத்தையும் அது உறுத்தவில்லை என்றால், மருத்துவம் தேவையில்லை.

அந்த மாணவிக்கு மேல்வரிசையில் சுருள் வைத்த ஹாலி தகடு ஒன்றே போதுமானதாயிற்று. கீழ்வரிசைக்கு மீண்டும் எட்டு மாதம் கிளிப் போட நேர்ந்தது. முடிவில் உட்புறக் கம்பி ஒட்டினோம். அவர் பிறகு எங்களிடம் சொன்னது இது: ரிட்டெய்னர் உடைந்த நாளில் விடுதியிலிருந்து எங்களை அழைக்கக் கைப்பேசியை எடுத்திருக்கிறார், திட்டு விழும் என்று எண்ணி வைத்துவிட்டார். அதைக் கேட்ட பிறகே எங்கள் நடைமுறையை மாற்றினோம். கிளிப் போடும் முன்பே ரிட்டெய்னரைக் கையில் கொடுத்துக் காட்டுகின்றோம். செலவுக் கணக்கிலும் அதைத் தொடக்கத்திலேயே சேர்த்து எழுதுகின்றோம். கழற்றுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆரவாரம் இல்லாத ஒரு நாளில், பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்து மறுபடி பேசுகின்றோம். உடைந்ததையோ தொலைந்ததையோ சொல்ல வருவோரிடம், ஏன் என்று கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறோம். பழக்கதோஷத்தில் யாரேனும் கேட்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்வைக்கு வரச் சொல்கின்றோம். வெளியூரில் படிப்போர் விடுமுறைக்கு வரும்போது வந்தால் போதும். வரும் நாளில் ரிட்டெய்னரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள் பலர். அது இல்லாமல் எங்களால் பாதியைத்தான் பார்க்க முடியும். பெட்டியோடு எடுத்து வாருங்கள், உடைந்திருந்தாலும்.